வேம்புலி படத்துக்குக் கீழே

கள்ளிக்குப்பத்தில் ஒரு பேச்சு உலாவுகிறது. அகல்யா போட்டோவுக்குக் கீழே எதை எழுதினாலும் அது அப்படியே நடந்துவிடுமாம். ஊரை விட்டு ஓடிப்போன வேம்புலியின் படத்துக்கு பார்டர் போட்டு, அடியில் 'வருவார்' என்று ஒரே ஒரு வார்த்தை அடித்தாளாம். மறுநாள் காலையில் அந்த மனிதர், படத்தில் இருக்கிற அதே நீலச் சட்டையோடு கடை வாசலில் வந்து நின்றாராம். பால் பூத்தில் ஒரு அம்மா சொல்வதைக் கேட்டால், சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தத் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவன் நான். அப்படி ஒரு சட்டை என் பெட்டிக்கு அடியில் வரவே இல்லை.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். அகல்யாவின் கடைக்கும் என் வண்டிக்கும் நடுவே ஒரு தகர ஷீட்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். சரியாகக் கேட்காவிட்டால் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்பேன்.

அகல்யாவுக்கு வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் வயல் இருந்த காலத்தில் அவளுடைய அப்பா நாற்று பிடுங்கியவர். வயலெல்லாம் பிளாட் ஆனதும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு லோடு ஏற்றப் போனார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில் போட்டோ வேலை கற்றுக்கொண்டாள். அப்புறம் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து மாப்பிள்ளைகளின் முகத்துப் பருவை அழித்துக்கொண்டிருந்தாள். "எத்தினி மூஞ்சிய தொடச்சு உட்டுருக்கேன் அண்ணாத்தே. ஒருத்தனும் திரும்பி வந்து என் மூஞ்சிய பாக்கல" என்பாள். கம்பெனி வேன் ஓட்டுகிற உதயகுமாரைக் கட்டிக்கொண்ட பிறகு சொந்தமாகக் கடை போட்டாள். ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் உண்டு. ஆனால் திருமுல்லைவாயிலில் இருந்தும் ஆவடியில் இருந்தும் ஜனங்கள் அவளைத் தேடி வருவது அதற்கல்ல. பார்டர் போட்டுக் கீழே எழுதுவதற்கு.

வேலை சின்ன வேலைதான். படத்தை கம்ப்யூட்டரில் ஏற்றி, சுற்றிலும் வெள்ளையாக ஒரு பார்டர் இழுப்பாள். மூன்று பக்கம் ஒல்லியாக, கீழ்ப் பக்கம் மட்டும் அகலமாக. அந்த அகலத்தில்தான் எழுத்து உட்காரும். படத்துக்கும் பார்டருக்கும் நடுவே முடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. "அந்தக் கோடு இல்லேன்னா ஆளு வெள்ளையில கரைஞ்சு பூடுவாரு" என்பாள். பிறகு எழுத்துக்கான பொத்தானை அழுத்துவாள். வெள்ளை இடத்தில் ஒரு சின்னக் குச்சி வந்து மினுக் மினுக்கென்று நிற்கும். அகல்யா காணாமல் போவது அந்த இடத்தில்தான்.

கை கீபோர்டு மேல் இருக்கும், கண் மூடியிருக்கும். குச்சி மூச்சு விடுகிற மாதிரி வந்து வந்து போகும். வெளியே ஷேர் ஆட்டோ ஆரன் அடிக்கும், மாவு மில் ஓடும், என் அடுப்புக் கரி வெடிக்கும். எதுவும் அவள் காதில் ஏறாது. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து கடைக்குள் மாட்டியிருக்கும் படங்களை லேசாக ஆட்டும். ஏதோ ஒரு பெரிய வீட்டில் எல்லோரும் தூங்குகிற மத்தியான நேரம் போல இருக்கும்.

ஒருமுறை தகரத்துக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டேன். "இன்னா அகல்யா, தூக்கமா?"

"இல்ல அண்ணாத்தே. இந்தம்மா ஊட்டு வாசல்ல நின்னுகினு கீறேன். உள்ள கூப்புடுறாங்களான்னு பாக்குறேன்."

படத்தில் இருந்தது செத்துப்போன ஓர் அம்மா. சாயம்போன புடவை, சிரிக்கவா வேண்டாமா என்று யோசிக்கிற வாய். ரொம்ப நேரம் கழித்து அகல்யா கண்ணைத் திறந்து டைப் அடித்தாள்: 'நாங்கள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டவர்.' படத்தை வாங்க வந்த மகன்கள், தடித்தடியாக இரண்டு பேர், அதைப் படித்துவிட்டு என் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு அழுதார்கள். வெள்ளை வேட்டியை அப்போதுதான் தேய்த்து மேலே வைத்திருந்தேன். அதில் மூக்கைத் துடைத்துவிடப் போகிறார்களே என்று எனக்கு ஒரு பக்கம் பயம்.

அப்போதிலிருந்தே தெருவில் ஒரு முணுமுணுப்பு. படம் அவளிடம் பேசுகிறது என்றார்கள். உதயகுமார் அதைக் கேட்டால் சிரிப்பான். "எல்லார் படமும் பேசுது மாமே. நான் நேர்ல நின்னு பேசுறேன், அது மட்டும் அவ காதுல உழாது."

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. குழந்தையின் பிறந்தநாள் படம் என்றால் பலூன் பறக்கும். பெண் வயசுக்கு வந்த சடங்கு என்றால் மயில் நிற்கும். கல்யாணம் என்றால் ஓரத்தில் கிளியோ இதயமோ இருக்கும். இப்படி எதுவும் இல்லாமல் சும்மா வெள்ளை பார்டரும் அடியில் அகலமாக இடமும் இருந்தால், அந்த ஆள் இப்போது இல்லை என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பார்த்ததும் கால் தானாகச் செருப்பைக் கழற்றும்.

சொர்ணம் வந்த நாளில் நல்ல மழை. சொர்ணம் எங்கள் தெருவின் கடைசி வீடு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைப்பவள். அவள் புருஷன்தான் வேம்புலி. மகள் காவ்யா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒருநாள் சண்டை போட்டுக்கொண்டு போனவன், போனவன்தான். எங்கே போனான் என்பதற்குத் தெருவில் ஆளுக்கு ஒரு கதை. சொர்ணத்திடம் மட்டும் எல்லாக் கதைகளும் இருந்தன. மழை பெய்தால் அவன் பம்பாயில் ஏதோ ரயில்வே ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்பான். வெயில் அடித்தால் அரபு நாட்டு மணலில் ஒட்டகத்தோடு நடப்பான். கார்த்திகை மாதம் வந்தால் எங்கோ ஒரு மலையில் காவி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தையல் மிஷின் ஓட ஓட அவள் அவனை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள்.

காவ்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஆவடிப் பையன், ஜெகதீஷ். அவனுக்கு அப்பா இல்லை. எல்லாம் பெரியப்பா திருவேங்கடம்தான். பேக்டரியில் இருந்து ரிடையரானவர், நல்ல மனுஷன், ஆனால் முறை தவறினால் ஒத்துக்கொள்ள மாட்டார். அவரிடம் சொர்ணம், "அவரு வெளியூர்ல வேலையா கீறாரு" என்று சொல்லி வைத்திருந்தாள். பேச்சும் நிச்சயமும் ஆவடியிலேயே முடிந்ததால் அவர் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை.

சொர்ணத்துக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. மேடையில் மகளின் கையைத் தன் கையால் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். தனி ஆளாக வளர்த்தவள் அவள். ஆனால் அவர்கள் முறையில், புருஷன் செத்துப்போனவள் மேடைக்குக் கீழே நின்றுவிட வேண்டும். அவளுடைய அண்ணனும் அண்ணியும் வந்து பெண்ணைக் கொடுப்பார்கள். வேம்புலி இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியாதவரைக்கும்தான் சொர்ணத்தின் நெற்றியில் பொட்டு.

முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டே ஒரு பழைய போட்டோவை எடுத்து அகல்யாவிடம் கொடுத்தாள். "அப்பா படமாச்சும் மேடையில இருக்கட்டும்னு காவ்யா அழுவுறா. நல்லா பார்டர் போட்டுக் குடு கண்ணு."

நீலச் சட்டை போட்டுக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கிறான் வேம்புலி. காலரைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னக் கை. தோளில் காவ்யாவை உட்கார வைத்து எடுத்த படம். குழந்தை இருந்த ஓரம் எப்போதோ கிழிந்துபோய், குழந்தையின் கை மட்டும் மிஞ்சியிருந்தது.

"யக்கா, இந்தக் கைய அழிச்சுடலாம். தெரியவே தெரியாது."

"வாணாம் அகலி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அகல்யா பார்டர் இழுத்தாள். கறுப்புக் கோடு போட்டாள். அடியில் வெள்ளை இடம் விரிந்தது. குச்சி மினுக்கிக்கொண்டு நின்றது. வெளியே மழை, உள்ளே இரண்டு பெண்கள், திரையில் அந்த ஆள். மழைச் சத்தத்தில் அவன் எங்கோ தூரத்தில் நடந்து வருகிற மாதிரியும், வராமல் அங்கேயே நிற்கிற மாதிரியும் இருந்தது.

"கீழ இன்னாக்கா எழுதட்டும்?"

சொர்ணம் திரையில் இருந்த வெள்ளை இடத்தையே பார்த்தாள். பிறகு, "நாளிக்குச் சொல்றேன்" என்று மழையிலேயே போய்விட்டாள்.

பார்டர் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கட்டும் என, கிளி, பூ எதுவும் வைக்காமல், கீழே எதுவும் எழுதாமலே காவ்யாவின் போனுக்கு வாட்ஸப்பில் படத்தை அனுப்பினாள் அகல்யா. ஓரத்தில் சின்னதாகக் கடைப் பெயர் மட்டும் இருக்கும். எப்போதும் அனுப்புவதுதான். ஆனால் காவ்யா அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். அப்பாவின் படம் இவ்வளவு பளிச்சென்று அவள் பார்த்ததே இல்லை. பக்கத்தில் ஒரு இதயம் போட்டாள், அவ்வளவுதான்.

வெள்ளை பார்டர். அடியில் அகலமாக இடம். அதை ஒருவன் எடுத்து கள்ளிக்குப்பம் கிரிக்கெட் குரூப்பில் போட்டான். அங்கிருந்து ஆட்டோ குரூப். ஆட்டோ குரூப்பில் இருந்து லாரி குரூப். எழுதாத இடத்தில் ஊரே எழுத ஆரம்பித்தது. 'ஆழ்ந்த இரங்கல்.' 'நல்ல மனிதர்.' 'ஆத்மா சாந்தியடையட்டும்.' நானும் ஒரு கும்பிடு போட்டேன். எல்லோரும் போடும்போது நாம் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. வேம்புலியோடு ஒரு நாளும் பேசாதவன்கூட, அவன் தங்கமான குணம் பற்றி நீளமாக எழுதியிருந்தான்.

மறுநாள் காலையில் தலைகூட வாராமல் ஓடிவந்தாள் சொர்ணம். "அகலி, சம்மந்தி போன் பண்றாரு. எப்போம்மா ஆச்சு, ஒரு வார்த்த சொல்லக் கூடாதான்றாரு. புதுச் சாவுன்னா கல்யாணம் தள்ளித்தான் வெக்கணும்னு சொல்றாரு. மண்டபம், பந்தல், பத்திரிக எல்லாம் போச்சு!"

"உயிரோடதான் கீறாருன்னு சொல்ல வேண்டிதானே யக்கா?"

"எங்கன்னு கேட்டா இன்னா சொல்ல? அப்பவே செத்துட்டாருன்னு சொன்னா கல்யாணம் நடக்கும். ஆனா நான் கீழ நிக்கணும்." சொர்ணம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். குரல் இறங்கிப்போயிற்று. "காலையில அந்தப் படத்துக்குக் கீழ எல்லாரும் எழுதுனதப் படிச்சுகினே வந்தனா... நடுவுல நெசமாவே செத்துட்டாருன்னு நெனச்சு அழுதுட்டேன்டி. அப்பால நெனப்பு வந்து கண்ணத் தொடச்சேன். இந்தாளுக்கு எதுக்கு அழுவணும்?"

அகல்யா பைலைத் திறந்தாள். "இன்னிக்குள்ள எழுதி பிரிண்டு போட்டாத்தான் பிரேம் ரெடியாவும். நீ சொல்லு யக்கா, எழுதறேன்." அவள் விரல்கள் கீபோர்டு மேல் மிதந்தன. 'தோற்றம்' என்று அடித்தாள், அழித்தாள். 'மறைவு' என்று அடித்தாள், அதையும் அழித்தாள். பிறகு வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டாள். தகரத்துக்கு இந்தப் பக்கம் நானும் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். பிரிண்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடை மொத்தமும் அந்த ஒரு வார்த்தைக்காக நீருக்கடியில் காத்திருப்பது போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு ஆள் என் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். நீலச் சட்டை இல்லை. கிரீஸ் படிந்த சாம்பல் நிற பனியன். தலையில் பாதி நரை. போனை நீட்டினான். படத்தின் ஓரத்தில் இருந்த கடைப் பெயரைக் காட்டினான்.

"அண்ணாத்தே, இந்தக் கடை எங்க கீது?"

படத்தைப் பார்த்தேன். "தோ, இதான். பாவம்பா, நேத்துலேருந்து எல்லாரும் அனுப்பிகினு கீறாங்க. உனக்குச் சொந்தமா?"

"ரொம்ப நெருங்குன சொந்தம்" என்றான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. திருவேங்கடம். முன்னால் கொக்கியில் ஒரு பெரிய ரோஜா மாலை ஆடிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு அந்த ஆளிடம் கேட்டார்.

"தம்பி, வேம்புலி ஊடு எதுப்பா?"

"நான்தான் சார் வேம்புலி."

"இல்லப்பா, நான் செத்துப்போன வேம்புலியக் கேட்டேன்."

"அதுவும் நான்தான் சார்."

திருவேங்கடம் போனில் இருந்த படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். கையில் எடுத்திருந்த மாலையை மெல்ல ஸ்கூட்டர் கொக்கியிலேயே திரும்ப மாட்டினார். அதற்குள் வேம்புலி கடை வாசலுக்குப் போய்விட்டான்.

"இன்னாமா, உயிரோட கீற ஆள இப்புடி சாவடிச்சுட்டியே?"

அகல்யா கண்ணைத் திறந்தாள். திரையைப் பார்த்தாள். திரும்பி வாசலைப் பார்த்தாள். திரையில் சுருக்கிய கண்களும் வாசலில் சுருக்கிய கண்களும் ஒன்றுபோல இருந்தன. எது எந்தப் பக்கம் என்று அவளுக்கே புரியவில்லை. அவளுக்குப் பின்னால் சொர்ணம் எழுந்து நின்றாள்.

நான் ஏதோ பெரிய அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். தெருவில் இன்னும் நாலு பேர் எதிர்பார்த்தார்கள். சொர்ணம் கேட்டது ஒன்றுதான்.

"எங்க இருந்தே?"

"நசரத்பேட்டை."

"அது எந்த ஊரு நசரத்பேட்டை?"

"நம்ம நசரத்பேட்டதான். பூந்தமல்லி தாண்டி. ஒரு லாரி ஷெட்டுல கீறேன்."

சொர்ணம் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பம்பாய் ரயில்வே ஸ்டேஷன், அரபு நாட்டு மணல், மேகம் மூடிய மலை எல்லாம் அவள் கண்ணெதிரே ஒவ்வொன்றாகச் சுருட்டி எடுத்து வைக்கப்பட்ட மாதிரி இருந்தது. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு.

"ரெண்டு பஸ்ஸு மாறுனா வந்துடலாம்! இந்தாளு பம்பாய்ல கீறாருன்னு நான் எத்தினி நாளு இந்தியில திட்டிகினு கெடந்தேன்!"

வேம்புலி தரையைப் பார்த்தான். "ரெண்டு நாள்ல வந்துடலாம்னுதான் போனேன் சொர்ணம். வரல. அப்பால வரதுக்கு வெக்கமா பூடுச்சு. ஒவ்வொரு நாளும் வெக்கம் கூடிகினே போச்சு. நேத்து ஷெட்டுல டிரைவரு இந்தப் படத்தக் காட்டுனான். நான் செத்துட்டேன்னு எல்லாரும் அழுவுறாங்க. நல்லவன்றாங்க." தலையை நிமிர்த்தினான். "அந்தக் கைய அழிக்காம உட்டுருக்கீங்க."

திருவேங்கடம் தொண்டையைச் செருமினார். "சரி. ஆளு நல்லபடியா கீறாரு. தீட்டும் இல்ல, ஒன்னும் இல்ல. கல்யாணம் குறிச்ச தேதியில நடக்கும். நீங்க ரெண்டு பேரும் ஜோடியா மேடையில நின்னு பொண்ண புடிச்சுக் குடுங்க, அதான் முறை."

"வாணாம் சார்" என்றாள் சொர்ணம். எழுந்து நின்றாள். "அவரு உயிரோட கீறாரு இல்ல? என் பொட்டு என் நெத்தியில கீது. முறைக்கு அது போதும். என் பொண்ண நான் புடிச்சுக் குடுப்பேன். எனக்குப் பக்கத்துல இந்தப் போட்டோ நிக்கட்டும்."

"ஆளு இருக்கும்போது போட்டோவாம்மா? சனம் சிரிக்கும்."

"போட்டோ இத்தினி வருசமா ஊட்டுலயே கீது சார். எங்கியும் போவல."

முறையில் இதற்கு இடம் இருக்கிறதா என்று திருவேங்கடம் மனசுக்குள் தேடிப் பார்த்தார் போலிருக்கிறது. அப்படிச் செய்யக் கூடாது என்றும் எங்கும் கிடைக்கவில்லை. வேம்புலி பக்கம் திரும்பினார். "நீ இன்னாப்பா சொல்ற?"

"போட்டோவே நிக்கட்டும் சார்" என்றான் வேம்புலி. "அதுல நான் கொஞ்சம் நல்லாவும் கீறேன். நான் பந்தியில குந்திக்கிறேன்."

அகல்யா திரைப் பக்கம் திரும்பினாள். முதலில் வெள்ளை பார்டரை மஞ்சளாக மாற்றினாள். மேல் மூலைகளில் இரண்டு கிளிகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். திருவேங்கடம் எட்டிப் பார்த்து, "இப்போ ஆளு உயிரோட கீற மாரி கீது" என்று ஒத்துக்கொண்டார்.

"கீழ யக்கா?"

"காவ்யாவோட அப்பான்னு எழுது. என் ஊட்டுக்காருன்னு எழுதாத. அத அப்பால பாத்துக்கலாம்."

"பேரு?" என்று வாசலில் இருந்து வேம்புலியின் குரல் சின்னதாகக் கேட்டது.

சொர்ணம் கொஞ்சம் யோசித்தாள். "பேரு எழுதலாம்."

கல்யாணம் நன்றாக நடந்தது. மேடையில் ஒரு நாற்காலியில் மஞ்சள் பார்டருக்குள் வேம்புலி கிளிகளோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சொர்ணம், புதுப் பட்டுப்புடவையில், குங்குமம் பெரிதாக. நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் வாசிக்க, மகள் கையை எடுத்து ஜெகதீஷ் கையில் வைத்தாள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் தன் கையை எடுக்கவில்லை. சாம்பிராணிப் புகை, பூ வாசனை, மேலே சுற்றுகிற மின்விசிறி, எல்லாம் ஒன்றாகக் கலந்து அந்த மூன்று கைகளைச் சுற்றி நின்றது. காலர் தைக்கிற கை அது. தையல் நேராக விழுந்ததா என்று பார்ப்பதுபோல ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் விலக்கினாள்.

விஷயம் தெரியாதவர்கள் போட்டோவுக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அங்கே வேம்புலி எதிர் இலையில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். ஒருத்தருக்கு வடை தொண்டையில் சிக்கி முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. மாலையோடு காவ்யா பந்திக்கு வந்தாள். பரிமாறுகிறவர் கையில் இருந்த பாயச வாளியை வாங்கிக்கொண்டாள். அப்பாவின் இலைக்கு முன்னால் நின்றாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தவாங்க?" என்று கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கிற மாதிரி. அவன் இரண்டு கையையும் குவித்து நீட்டினான், டம்ளர் இருக்கிறதை மறந்துவிட்டு.

இப்போது வேம்புலி ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி வருகிறான். சொர்ணம் அவனுக்கு வாசல் வரைக்கும் டீ கொடுக்கிறாள். வாசலைத் தாண்டியதாக எனக்குத் தகவல் இல்லை. இருந்தால் சொல்லாமல் இருப்பேனா?

ஆனால் ஊருக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை. 'வருவார்' என்று எழுதிய கதைதான் பிடித்திருக்கிறது. அடுக்குமாடியில் இருந்து ஒரு ஐ.டி. பையன் தன் பாஸ்போர்ட் போட்டோவைக் கொண்டுவந்து, கீழே 'அமெரிக்கா சென்றார்' என்று எழுதித் தரச் சொன்னான். ஒருத்தி எதிர் வீட்டுக்காரியின் படத்தைக் கொண்டுவந்து, காதில் ஏதோ சொன்னாள். அகல்யா விரட்டிவிட்டாள். எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தவள், போன வாரம்தான் வாயைத் திறந்தாள்.

பால் பூத்து அம்மா வந்திருந்தார். நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்ட அதே அம்மா. கையில் மகனின் படம். பையன் ஏதோ கோபத்தில் வீட்டை விட்டுப் போய், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி விடுதியில் இருக்கிறான், போனை எடுப்பதில்லை.

"வேம்புலிக்கு எழுதுனா மாரி எம் புள்ளைக்கும் 'வருவான்'னு ஒரு வார்த்த எழுதிக் குடு கண்ணு" என்றார். கெஞ்சலாகத்தான் கேட்டார். நான் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன்.

அகல்யா படத்தைப் பார்த்தாள். கண்ணை மூடவில்லை. படத்தை அந்த அம்மாவின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"யம்மா, நான் வருவாருன்னு எழுதவே இல்ல. ஒரு எழுத்துகூட எழுதல, வெறுசா அனுப்புனேன். செத்துட்டான்னு ஊரே சொல்லுச்சு, அதப் பாத்துட்டு அந்தாளே பஸ் ஏறி வந்தாரு, அவ்ளோதான். ரெண்டு பஸ்ஸு தூரத்துல இருந்தவர இத்தினி வருசமா ஒருத்தரும் போய்த் தேடல, நானுந்தான் தேடல. உம் புள்ள எங்க கீறான்னு உனக்குத் தெரியுதில்ல? அப்பறம் போட்டோவ எடுத்துகினு எங்கிட்ட ஏன் வர? போய் அவன் ரூமு கதவத் தட்டு."